ஒரே நாடகத்துக்கு இரண்டு நோட்டு

மேடையின் இடப்பக்கம் தொங்கும் படுதாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டிருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் அதுதான் என் இடம். நடிக்கிறவர்களுக்கு வசனம் மறந்து போனால், ஜனங்களுக்குக் கேட்காமல் அவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி அடுத்த வரியை எடுத்துக் கொடுக்க வேண்டும். பிராம்ப்டர் என்பார்கள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராதவனுக்குப் பொருத்தமான வேலை. நான் படித்தது எஸ்.எஸ்.எல்.சி. மில்லின் டைம் ஆபீஸில் ஹாஜர் எழுதுகிற உத்தியோகம். கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பதால் எங்கள் மில் மனமகிழ் மன்றத்தின் நாடகக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். ஒவ்வொரு நடிகருக்கும் அவரவர் வசனத்தைத் தனியாக எழுதிக் கொடுப்பேன். முழு நாடகமும் எழுதிய நோட்டு என்னிடம் மட்டும் இருக்கும்.

அந்த நோட்டில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யாரும் சொல்லித் தந்ததல்ல. ஒத்திகையில் ஒருவர் எந்த இடத்தில் நின்று போகிறாரோ அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போடுவேன். இன்னொரு நாள் நின்றால் இன்னொரு கோடு. ஒரே ஒரு கோடு இருந்தால் அது நடிகரின் ஞாபகக் குறைவு. ஏழெட்டுக் கோடு சேர்ந்துவிட்டால் தப்பு நடிகருடையதல்ல, வசனத்துடையது. மனசில் ஒட்டாத பேச்சு நாக்கிலும் ஒட்டாது. இதை நான் எங்கள் மேஸ்திரியிடம் மட்டும் ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். அவர் ஸ்பின்னிங் மேஸ்திரி. குழுவில் நாடகம் சொல்லிக் கொடுப்பவரும், வயசானவர் வேஷம் கட்டுபவரும் அவர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த நாவலாசிரியர் எங்களிடம் வந்தார். அவர் பெயரை எழுத எனக்கு மனசில்லை. அவருடைய தொடர்கதை வந்த காலத்தில் அந்த வாரப் பத்திரிகையை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் காலையிலேயே வாங்காவிட்டால் தீர்ந்துவிடும். என் மனைவி அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, சாக்கு ஊசியால் தைத்து அட்டை போட்டு வைத்திருக்கிறாள். அவர் கதையில் வருகிறவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். ஒருத்திக்குப் புருஷன் செத்த சேதி வரும். அவள் எழுந்து போய்க் களத்தில் காயப்போட்ட மிளகாயை அள்ளுவாள். அவ்வளவுதான் எழுதியிருப்பார். அதைப் படித்த அன்று என் மனைவி மத்தியானம் சாப்பிடவில்லை.

எங்கள் மன்றத்து ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்க வந்திருந்தார். அன்றைக்கு நாங்கள் போட்டது ஒரு சிரிப்பு நாடகம். அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஆனால் மேடையைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, பின்னால் சிரித்துக்கொண்டிருந்த ஜனங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். படுதா இடுக்கில் எனக்கு அது தெரிந்தது. அடுத்த வாரமே மேஸ்திரியைத் தேடி வந்துவிட்டார்.

“முப்பது வருசமா எழுதறேனுங்க. படிக்கறவங்க மொகத்தை ஒரு நாளும் பாத்ததில்லை. கடுதாசிதான் வருது. நான் எழுதுன எடத்துல ஒருத்தரு கண்ணு கலங்கறதை நேருல பாக்கோணும். அதுக்கு நாடகந்தானுங்க வழி.”

ஒரு பிரபலமானவர் எங்கள் தகரக் கொட்டகையில் வந்து நின்று கை கூப்பிக் கேட்கிறார். மேஸ்திரி பதிலுக்குக் கை கூப்பிவிட்டார். நாடகத்தை நாவலாசிரியர் முன்பே எழுதி வைத்திருந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். அவர் குரல் நல்ல குரல். எங்களுக்கெல்லாம் பிரமிப்பாக இருந்தது.

கதை எளிமையானது. மேட்டுப்பாளையம் பக்கம் ஒரு பாக்குத் தோப்பு. மகன் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விட்டான். மாமனாரும் மருமகளும் அவனுக்காகக் காத்திருக்கிறார்கள். அவன் இறந்துபோனதாகக் கடிதம் வருகிறது. மாமனார் அதை ஒளித்து வைத்துவிடுகிறார். மூன்றாவது அங்கத்தில் மருமகள் அதைக் கண்டெடுக்கிறாள்.

நாவலாக எழுதியிருந்தால் ஊரே அழுதிருக்கும். நாடகத்தில் என்ன செய்திருந்தார் என்பது நடிகர்களுக்குப் பிரித்து எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. நாவலில் அவர் எழுதாமல் விடுகிற அத்தனையையும் இதில் பேச வைத்திருந்தார். தண்ணீர் இறைக்கிற மருமகள் ஏன் இறைக்கிறேன் என்று ஒரு பக்கம் பேசினாள். மாமனார் தன் மனசைப் பற்றித் தானே விளக்கம் சொன்னார். மேடையில் வாய் மூடி இருந்தால் ஜனங்களுக்குப் புரியாது என்று பயந்துவிட்டார் போல. மருமகள் வசனம் மட்டும் ஒரு முழு நோட்டுக்கு வந்தது.

பெண் வேஷத்துக்குச் சிங்காநல்லூரிலிருந்து ஒரு அம்மா வருவார். முன்பு நாடகக் கம்பெனிகளில் நடித்தவர். நோட்டைக் கையில் வாங்கி எடை பார்க்கிற மாதிரி தூக்கிப் பார்த்தார்.

“ஏனுங்க, இது மருமக பார்ட்டா, வக்கீல் பார்ட்டா?”

மேஸ்திரி, “பெரிய மனுசன் எழுதுனது அம்மணி. நமக்குத்தான் வாய் பத்தலை” என்றார். பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மூன்று மாதம் ஒத்திகை நடந்தது. எப்போதோ போட்ட நாடகங்களைக்கூட இன்றைக்கும் தடங்கலில்லாமல் ஒப்பிக்கிற மேஸ்திரி, இதில் நாலு வரிக்கு ஒரு தடவை என் பக்கம் திரும்பினார். அந்த அம்மாவும் அப்படித்தான். கடிதத்தைக் கண்டெடுக்கிற இடத்தில் அவருக்கு ஒன்றரைப் பக்க வசனம். ஒரு நாள்கூட அதை முழுசாகச் சொன்னதில்லை. என் நோட்டு சிவந்துகொண்டே வந்தது. சில பக்கங்களில் ஓரத்தில் இடம் போதாமல் வரிகளுக்கு நடுவிலும் கோடு போட்டேன்.

நாவலாசிரியர் வாரம் ஒரு முறை வருவார். அவர் வந்ததும் ஒத்திகையை நிறுத்திவிட்டு எல்லோரும் எழுந்து நிற்போம். எப்படியுங்க போகுது என்று கேட்பார். அருமையாப் போகுதுங்கய்யா என்பார் மேஸ்திரி. அந்த அம்மாவிடம் கேட்டால், பாடம் பண்ணிட்டிருக்கறேனுங்க என்று தலைமுடியை முடிந்துகொள்வார். எங்கள் பக்கத்து மனுஷர்கள் வீடு தேடி வந்தவரிடம் மனசு நோகப் பேச மாட்டார்கள். வந்தவர் பெரியவராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

நாடகத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை நேராக என் ஸ்டூலுக்கு வந்தார். நான் எழுந்தேன். தோளைத் தொட்டு உட்கார வைத்தார்.

“எல்லாரும் நல்லாருக்குதுன்னேதான் சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை வரமாட்டேங்குது. உங்க நோட்டு பொய் சொல்லாதுன்னு மேஸ்திரி சொன்னாரு. அதைக் குடுங்க. எங்கெல்லாம் நிக்குதோ அங்கெல்லாம் நான் திருத்திக்கறேன்.”

நோட்டு என் மடியில்தான் இருந்தது. அதன் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தேன். அடுத்த வாரம் தருகிறேனுங்க என்று சொன்னேன்.

அந்த வாரம் எனக்கு மத்தியான ஷிப்டு. ஆறு நாள் காலையில் உட்கார்ந்து இன்னொரு நோட்டில் முழு நாடகத்தையும் புதிதாக எழுதினேன். என்ன எழுதறீங்க என்று மனைவி கேட்டதற்கு, பழைய நோட்டு கிழிந்துவிட்டது என்றேன். சுத்தமாக ஒரு கோடும் இல்லாமல் கொடுத்தால் நம்ப மாட்டார். அதனால் ஏழு இடத்தில் கோடு போட்டேன். அவர் மனசு நோகாத இடமாகத் தேடினேன். நீளமான வசனங்கள் அவர் ஆசை ஆசையாக எழுதியவை, அவற்றைத் தொடக் கூடாது. சின்னச் சின்ன வரிகளில்தான் போட்டேன். ‘ஆட்டைக் கட்டியாச்சுங்களா’ என்று மருமகள் கேட்கிற இடம். ‘ம்’ என்று மாமனார் சொல்கிற இடம். யாரும் ஒரு நாளும் நிற்காத இடங்கள் அவை.

பொய்ச் சாட்சி எழுதுகிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. மரியாதை செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

நோட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்த அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். ஏழே எடந்தானுங்களா என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் ஆமாங்க என்றேன். நாலே நாளில் அந்த ஏழு இடத்தையும் திருத்திக் கொண்டுவந்தார். வரி சின்னதாக இருப்பதால் நடிகருக்கு மனசில் பதியவில்லை என்று நினைத்திருக்கிறார். ‘ஆட்டைக் கட்டியாச்சுங்களா’ என்ற ஒரு வரி எட்டு வரியாகியிருந்தது. ‘ம்’ என்ற இடத்தில் மாமனார் தோப்பைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் பேசினார். நாடகத்தில் உருப்படியாக இருந்த ஏழு இடங்களும் என்னால் போயின. அந்த அம்மா புது வரிகளைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையைத் தூக்கவில்லை.

நாடகம் காந்திபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு. நாவலாசிரியர் பெயருக்காகவே கூட்டம் நிரம்பிவிட்டது. பொள்ளாச்சியிலிருந்தும் அவிநாசியிலிருந்தும் வந்திருந்தார்கள். மேஸ்திரி முன்வரிசை நடுவில் அவருக்கு நல்ல நாற்காலி போட்டு வைத்திருந்தார். அவர் அதில் உட்காரவில்லை. மேடைக்குக் கீழே ஓரமாக ஒரு நாற்காலியை இழுத்து, ஜனங்களைப் பார்க்கிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டார். முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாரே, அதற்கு. என் படுதா இடுக்குக்கு நேர் எதிரே அவர் இருந்தார்.

முதல் அரை மணி நேரம் ஜனங்கள் அடக்கமாகப் பார்த்தார்கள். பிறகு விசிறிகள் ஆட ஆரம்பித்தன. குழந்தைகள் அழுதன. இரண்டாம் அங்கம் தொடங்கும்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். வேறு ஊராக இருந்தால் பின்வாசல் வழியாகப் போயிருப்பார். எங்கள் ஊரில் அது முடியாது. ஒருவர் அழைப்பில் வந்துவிட்டு அவரிடம் சொல்லாமல் போவது பெரிய தப்பு. அதுவும் கல்யாண மண்டபம். நாவலாசிரியர் ஓரமாக, விருந்தாளிகளைப் பார்த்தபடி, வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பெரியவர் நேராக அவரிடம் போய்த் துண்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டு கும்பிட்டார்.

“நெம்ப நல்லாருக்குதுங்க. மாட்டுக்குத் தண்ணி காட்டோணும். வாரேனுங்க.”

“சரிங்க. பாத்துப் போங்க” என்றார் இவர்.

ஒருவர் வழி காட்டிவிட்டால் போதாதா? அடுத்து ஒரு குடும்பம் வந்தது. பிறகு இரண்டு பேர். பிறகு வரிசையே நின்றது. மேட்டுப்பாளையம் பஸ் போயிடுமுங்க என்றார் ஒருவர். மணி ஏழேகால்தான் ஆகியிருந்தது. ஊட்டுல அம்மா தனியா இருக்கறாங்க என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்த முகத்தோடு, குனிந்து, நெம்ப நல்லாருக்குதுங்க, வாரேனுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவரும் ஒவ்வொருவருக்கும் பாதி எழுந்து கை கூப்பினார். மேடையில் மேஸ்திரி மகனை நினைத்துக் கதறிக்கொண்டிருக்க, கீழே ஒரு கல்யாணம் முடிந்துகொண்டிருந்தது.

அந்த வரிசையில் என் மனைவியும் நின்றாள். நான் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் எழுத்தைத் தைத்து வைத்திருப்பவள். பால் வாங்கி வைக்கவில்லை என்று ஏதோ சொன்னாள். அவர் அவளுக்கும் கை கூப்பினார். அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. முப்பது வருஷமாகப் பார்க்க ஆசைப்பட்ட முகத்தில் ஒன்று அது.

மூன்றாம் அங்கத்தில் மில்காரர்களும் நடிகர்களின் வீட்டார்களும் மட்டும் மிச்சம் இருந்தார்கள். அந்த அம்மா அரிசிப் பானைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்தார். ஒன்றரைப் பக்க வசனம் தொடங்க வேண்டும். நின்றுவிட்டார். நான் முதல் வரியை எடுத்துக் கொடுத்தேன். என் பக்கம் திரும்பிப் பார்த்தார். கேட்டது என்று தெரிந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. கடிதத்தை மடித்துப் பானைக்குள்ளேயே மறுபடியும் வைத்தார். அதன் மேல் அரிசியைத் தள்ளி மூடினார். விசிறிகள் நின்றன. இருந்த ஐம்பது அறுபது பேரும் அசையவில்லை. நாவலாசிரியர் நாற்காலியில் நிமிர்ந்ததை நான் பார்த்தேன். முதல் தடவையாக மேடைப் பக்கம் திரும்பினார். நாவலில் அவர் இதைத்தான் எழுதியிருப்பார்.

ஒரு நிமிஷம்கூட இல்லை. அந்த அம்மா மறந்துவிட்டதாக நினைத்து மேஸ்திரி பதறிப்போய் அவர் வசனத்தையும் சேர்த்துத் தானே பேச ஆரம்பித்துவிட்டார். விசிறிகள் மறுபடியும் ஆடின.

முடிந்த பிறகு நாங்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தோம். நாவலாசிரியர் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். “அந்தம்மா நின்னாங்களே, அந்த எடம். உங்க நோட்டுல அங்க கோடே இல்லீங்களே?”

“இன்னிக்குத்தானுங்க மொத தடவை நின்னாங்க” என்றேன்.

அதுவும் பொய். அவர் பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

அதன் பிறகு அவர் புதிதாக எதுவும் எழுதவில்லை. நடந்துகொண்டிருந்த தொடர்கதையை ஏழெட்டு வாரத்தில் முடித்துக்கொண்டார். உடல்நலம் சரியில்லை என்று பத்திரிகையில் போட்டார்கள். உடம்பு நன்றாகத்தான் இருந்தது. சாயங்காலம் கடைவீதியில் நடப்பதைப் பலர் பார்த்தார்கள். மில்லில் மூன்று ஷிப்டு இரண்டாயிற்று, ஒன்றாயிற்று, ஒரு நாள் கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். மன்றத்துக் கொட்டகையைப் பூட்டினார்கள். மேஸ்திரி ஆனைமலைக்குப் பக்கத்தில் சொந்த ஊருக்குப் போய்விட்டார். அந்த அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு நூல் பிசிறு வெட்டப் போனார். நான் ஒரு துணிக்கடையில் பில் எழுதுகிறேன்.

வேலை போய்ச் சும்மா இருந்த நாட்களில் ஒரு நாள் பீரோவுக்கு அடியிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு. சட்டை மாட்டிக்கொண்டு நேராக நாவலாசிரியர் வீட்டுக்குப் போனேன். நாடகம் முடிந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாசலில் நின்றபடியே கொடுத்தேன். அவர் பத்துப் பக்கம் புரட்டினார்.

“இது எப்பருந்து இருக்குது?”

“அப்பவே இருந்துதுங்க.”

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெச்சுட்டுப் போங்க என்று மட்டும் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து, நான் புதிதாகச் சேர்ந்திருந்த துணிக்கடைக்கே என்னைத் தேடி வந்தார். கையில் நோட்டு இருந்தது. மேஸ்திரி எங்கே என்று கேட்டார். சொன்னேன். அந்த அம்மா எங்கே என்று கேட்டார். சொன்னேன்.

“நீங்க?”

“நான் இருக்கறேனுங்க.”

அவர் லேசாகச் சிரித்தார். “ஆளே இல்லாத நாடகத்துக்குப் பிராம்ப்டர் மட்டும் இருக்கறாரு. நீங்களே வெச்சுக்குங்க.” நோட்டைப் பில் மேசை மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார். பின்னால் ஓடிப்போய் ஏதாவது சொல்லியிருக்கலாம். கவுண்ட்டரில் ஆள் நின்றது. பில் எழுதினேன்.

அடுத்த லீவு நாளில்தான் பிரித்துப் பார்த்தேன். முதல் பதினோரு பக்கம் அவர் பென்சிலால் திருத்தியிருந்தார். என் சிவப்புக் கோடு இருந்த இடமெல்லாம் அடித்திருந்தார். தபால்காரர் வந்து போகிற காட்சியில் மாமனாருக்கு முன்பு பன்னிரண்டு வரி இருந்தது. இப்போது அது இப்படி இருந்தது. யாருங்க மாமா வந்தது என்று மருமகள் கேட்கிறாள். தாகத்துக்குத் தண்ணி கேட்டான் என்கிறார் மாமனார். செம்பு நனையவே இல்லீங்களே என்கிறாள் அவள். மாமனார் எழுந்து போய் ஆட்டை வேறு இடத்தில் கட்டுகிறார்.

கூடத்தில் தனியாக உட்கார்ந்து, எனக்குப் பழக்கமான அந்தச் சின்னக் குரலில் வாசித்தேன். பதினோரு பக்கம், ஓர் இடத்திலும் நாக்கு நிற்கவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் என்னுடைய முதல் கோட்டுக்குப் பக்கத்தில் பென்சில் முனை அழுந்திய புள்ளி ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு அவர் கையெழுத்து இல்லை.

நான் நிறுத்திவிட்டேன். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. மனைவி ஈரக் கையோடு நிலைப்படியில் வந்து நின்றாள்.

“அப்பறம் என்னங்க?” என்றாள்.

வரியை எடுத்துக் கொடுப்பதற்கென்றே இருந்தவன் நான். அடுத்த வரியை அவர் எழுதியிருக்கவில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.